நிற்காத முகத் துடிப்பு சகுனமா, நோயா? "அழகு ஊசி" ஹராமா?



"ஹஜ்ரத், எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கக் கண்ணும் கன்னமும் நிக்காம இழுக்குது. டாக்டர் ஊசி போடணும்னு சொல்றார். அது சினிமாக்காரங்க அழகுக்குப் போடுற ஊசியாம். நாம போடலாமா?"

நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பகுதிக் குடும்பங்களிடமிருந்தும், மிளகும் காபிக்கொட்டையும் வாங்கக் கொல்லிமலைக்குப் போய்வரும் வியாபாரிகளிடமிருந்தும் இப்படிப்பட்ட கேள்வி வருகிறது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தத் துடிப்பு என்ன? அந்த ஊசி என்ன? மார்க்கம் என்ன சொல்கிறது? மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும். ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் சிகிச்சையின்றித் தவிக்கின்றன.

எல்லாத் துடிப்பும் ஒன்றல்ல

கண் இமை லேசாகத் துடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது வரும். தூக்கக் குறைவு, மன உளைச்சல், அதிகமாகக் காபி, டீ குடிப்பது, நீண்ட நேரம் செல்போன் பார்ப்பது ஆகியவை அதைத் தூண்டும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகவே நின்றுவிடும். இதற்கு ஊசியும் வேண்டாம், பயமும் வேண்டாம். நன்றாகத் தூங்கி, காபியைக் குறைத்தாலே போதும்.

நாம் இங்கே பேசுவது நிற்காத துடிப்பைப் பற்றி. அதில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது. பெரும்பாலும் கீழ் இமையில் தொடங்கும். மாதங்கள் செல்லச் செல்ல கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கும். கண் சுருங்கி மூடும்போது வாயும் அதே பக்கம் கோணும். தூக்கத்திலும் இது வரலாம். நாற்பது, ஐம்பது வயதுகளில் தொடங்குவது அதிகம். ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. மூளையிலிருந்து முக நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு ரத்தக் குழாய் அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். அழுத்தப்பட்ட நரம்பு, மூளை கட்டளையிடாத நேரத்திலும் முகத் தசைக்குச் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, இரண்டு கண்களும் சேர்ந்து இறுக மூடிக்கொள்வது. முதலில் அடிக்கடி இமைப்பதாகத் தெரியும். வெயிலிலும் காற்றிலும் கூடும். முற்றும்போது நினைத்தாலும் கண்ணைத் திறக்க முடியாது. பார்வையில் குறையே இருக்காது. ஆனால் இமை திறக்காததால் அந்த மனிதர் அந்த நேரத்தில் பார்வையற்றவரைப் போலவே இருப்பார்.

இதை "சும்மா கண் அடிக்கிறது" என்று விட்டுவிட முடியாது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு இறங்கும் ஒரு வேன் ஓட்டுநருக்கு வளைவில் திரும்பும் நேரத்தில் இரு கண்களும் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? இந்த நோய் உள்ளவர் சிகிச்சையில் கட்டுப்பாட்டுக்கு வந்து மருத்துவர் அனுமதி தரும்வரை வண்டி ஓட்டக் கூடாது. தன் உயிரையும் பிறர் உயிரையும் காப்பது மார்க்கக் கடமை.

உயிர் ஆபத்து இல்லாதவர்களுக்கும் வேறொரு துன்பம் உண்டு. கடையில் நிற்கும் ஒரு ஆணின் ஒரு கண் மட்டும் மூடித் திறந்தால், எதிரே நிற்கும் பெண் என்ன நினைப்பாள்? "பாய் கண்ணடிக்கிறார்" என்ற பேச்சு ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பெண்களோ கல்யாண வீட்டுக்கும் மய்யித்து வீட்டுக்கும் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். குர்ஆன் ஓத உட்கார்ந்தால் வரிகள் கண்ணை விட்டு நழுவுகின்றன. உடல் வலியை விட இந்த ஒதுக்கமே பெரிய வேதனை.

சகுனம், கண்ணேறு, ஜின்

வலது கண் துடித்தால் நல்லது, இடது கண் துடித்தால் கெட்டது, பெண்களுக்கு அது தலைகீழ் என்ற நம்பிக்கை தமிழகம் முழுவதும் உண்டு. நம் வீட்டு நன்னிமார்களும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அறியாமைக் காலத்து அரபிகள் பறவை பறக்கும் திசையைப் பார்த்துப் பயணத்தை நிறுத்தினார்கள். அந்தச் சகுன நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் இணைவைப்பின் வகையில் சேர்த்துக் கண்டித்தார்கள். பறவைக்குப் பொருந்தும் அந்தத் தீர்ப்பு இமைத் துடிப்புக்கும் பொருந்தும்.

முகம் இழுப்பதைப் பார்த்ததும் ஜின் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஜின்கள் இருப்பதை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு நோயையும் ஜின்னின் கணக்கில் எழுதுவது ஈமானில் ஒரு பகுதி அல்ல. கி.பி. 1037-ல் வஃபாத்தான இப்னு சீனா, தம் மருத்துவ நூலான அல்கானூனில் தசை இழுப்பையும் முகம் கோணுவதையும் நரம்பு நோய்களுடன் சேர்த்தே விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் அடைந்த தெளிவு இது.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட சம்பவம் புகாரியில் இருக்கிறது. நோய் வரும்போது தம் ஆடை விலகிவிடுகிறதே என்பது அவரது கவலை. நபியவர்கள் அவரை இழிவாகப் பார்க்கவில்லை. பொறுமைக்குச் சொர்க்கம் உண்டென்று சொன்னார்கள். அவர் விரும்பினால் சுகத்துக்காக துஆ செய்வதாகவும் சொன்னார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்து, ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். நபியவர்கள் அப்படியே துஆ செய்தார்கள். தன் கட்டுப்பாட்டில் இல்லாத உடல் அசைவுக்காக ஒருவரை வெட்கப்பட வைப்பது நபிவழி அல்ல என்பதற்கு இதை விடச் சான்று வேண்டியதில்லை.

ஓதிப் பார்ப்பது கூடும். துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் அதைச் சிகிச்சைக்குப் பதிலாக வைத்துவிடக் கூடாது. தகட்டுக்கும் தாயத்துக்கும் ஆயிரக்கணக்கில் வாங்குபவர்களிடம் போகவே வேண்டாம்.

கொல்லிமலை மூலிகைக்குப் பெயர் போன மலை. மூலிகை மருத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மண்டைக்குள் ஒரு ரத்தக் குழாய் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது, வெளியே கன்னத்தில் தேய்க்கும் தைலம் அந்த இடத்தை எட்டாது. காரமான சாற்றைக் கண்ணில் பிழிவது கருவிழியையே கெடுத்துவிடும்.

நஞ்சு மருந்தான வரலாறு

மருத்துவர்கள் சொல்லும் இந்த ஊசியின் பெயர் போட்டுலினம் டாக்சின். போடாக்ஸ் என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று.

இது முதலில் உணவு நஞ்சாகத்தான் உலகுக்குத் தெரிந்தது. ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தைத் தின்றவர்களின் தசைகள் செயலிழப்பதைக் கவனித்து 1820-களில் எழுதினார். இவர் கவிஞரும்கூட. அளவு மிகச் சிறிதாக இருந்தால் அடங்காத நரம்புகளை இதே நஞ்சு அமைதிப்படுத்தலாம் என்றும் அவர் கருதினார். 1890-களில் பெல்ஜியத்தில் ஒரு மரண வீட்டு விருந்தில் பலர் நோய்வாய்ப்பட்டனர். அதை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம், இந்த நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவை சிகிச்சையின்றிச் சரிசெய்ய வழி தேடினார். இழுத்துப் பிடிக்கும் கண் தசையை மட்டும் தளர்த்த இந்த நஞ்சைத் துளியளவில் பயன்படுத்தினார். மனிதர்களுக்குச் செய்த சிகிச்சையின் பலனை 1980-ல் வெளியிட்டார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமைகள் இறுகும் நோய்க்கும் இதை அனுமதித்தது.

முகச் சுருக்கத்தை நீக்கும் அழகுப் பயன்பாட்டுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2002-ல்தான். அதாவது மருந்தாக அனுமதி பெற்று 12 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே இது "அழகு ஊசி" ஆனது. பின்னால் வந்த பெயரை வைத்து முன்னால் வந்த மருந்தை மறுப்பது நியாயமில்லை.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

நரம்பின் முனை தசையிடம் பேசுவது ஒரு ரசாயனத்தின் மூலம். அசிட்டைல்கோலின் என்ற அந்த ரசாயனம் வெளியேறினால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து நரம்பு முனைக்குள் நுழைந்து அதை வெளியேற விடாமல் தடுக்கிறது. நரம்பு கத்திக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சத்தம் தசைக்குக் கேட்காது. எனவே இது நோயின் வேரை அறுப்பதில்லை, துடிப்பை அடக்குகிறது. சில மாதங்களில் நரம்பு முனை மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும், துடிப்பும் திரும்பும்.

மிக மெல்லிய ஊசியால் இமையைச் சுற்றியும் தேவைப்பட்டால் கன்னத்திலும் சில இடங்களில் சிறு சிறு அளவு போடுவார்கள். எறும்பு கடித்த மாதிரி வலிக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்; பொதுவாகப் படுக்கையில் சேர வேண்டியதில்லை. போட்ட அன்றே பலன் தெரியாது. மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் தெரியத் தொடங்கி, இரண்டு வாரமளவில் முழுமையாகும். பலன் சுமார் மூன்று முதல் நான்கு மாதம் நிற்கும். பிறகு மறுபடி போட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே அவசரப்பட்டுப் போட்டுக்கொண்டால், உடல் மருந்துக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு மருந்து பலிக்காமல் போகலாம்.

பக்க விளைவுகள் உண்டு. இமை தொங்குவது, கண் உலர்வது, இரண்டிரண்டாகத் தெரிவது, வாயோரம் சற்றுத் தளர்வது ஆகியவை வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். விழுங்குவதிலோ பேசுவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடாதீர்கள். இது 2 முதல் 8 டிகிரி குளிரில் பாதுகாக்க வேண்டிய மருந்து. போலி மருந்து போட்டுக்கொண்டு பலர் பாதிக்கப்பட்டதாக 2024-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே எச்சரித்தது.

ஊசி ஒன்றுதான் வழி என்றில்லை. சிலருக்கு மாத்திரை ஓரளவு உதவும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் நோய்க்கு, நரம்பை அழுத்தும் குழாயை விலக்கி நடுவே ஒரு சிறு மெத்தை வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அது வெற்றி பெற்றால் நிரந்தரத் தீர்வு. ஆனால் மண்டையைத் திறக்க வேண்டும். காது கேளாமை போன்ற ஆபத்துகளும் உண்டு. எது பொருத்தம் என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து நரம்பியல் மருத்துவர் சொல்வார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நோய்க்கு மருத்துவம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் இறக்கிய நோய்க்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் ஹதீஸ்கள் பல உள்ளன. இனி, மக்கள் கேட்கும் சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*நஞ்சை உடலில் ஏற்றலாமா?* அழிக்கும் அளவில் கூடாது. நஞ்சு கலந்த மருந்தில் பாதுகாப்பே மிகைத்து, பலனும் எதிர்பார்க்கப்பட்டால் பயன்படுத்தலாம் என்பதே இமாம் இப்னு குதாமா தம் அல்முக்னீயில் எடுத்துள்ள நிலைப்பாடு. அளவறிந்து போடும் இந்த ஊசி அந்த வகையில் வருகிறது.

*இது பன்றியிலிருந்து எடுப்பதா?* இல்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் பொருள் இது. ஆனால் இந்த மருந்துகளில் பலவற்றில் மனித ரத்தத்திலிருந்து பிரித்த அல்புமின் என்ற புரதம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. பாக்டீரியாவை வளர்க்கும் கட்டத்தில் விலங்கு சார்ந்த பொருள் பயன்படவும் கூடும். சுத்தமான மாற்று மருந்து கிடைக்காத நிலையில், போதைப் பொருள் அல்லாத அசுத்தத்தைக் கொண்டு மருத்துவம் செய்யலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ அல்மஜ்மூஃவில் விளக்கும் சட்டம். ஹனஃபீ மத்ஹபின் பிற்கால அறிஞர்களும், குணம் கிடைக்கும் என்று நம்பகமான மருத்துவர் சொல்லி, வேறு மாற்றும் இல்லாதபோது அனுமதிக்கிறார்கள். மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நம் பொறுப்பு.

*அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?* படைப்பை மாற்றுவது வேறு, நோயைப் போக்கிப் படைப்பை அதன் இயல்புக்குத் திருப்புவது வேறு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார்கள். அதில் துர்நாற்றம் வந்தது. ஆண்களுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும், தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அவருக்கு அனுமதி தந்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இந்தச் செய்தி இருக்கிறது. முகத்தில் ஏற்பட்ட குறையைச் சரிசெய்வது வீண் அலங்காரம் ஆகாது என்பதை இதிலிருந்து அறிஞர்கள் எடுக்கிறார்கள். மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 2006-ல் இந்த ஊசியைத் தடுத்தபோதும் மருத்துவத் தேவைக்கு வழி விட்டது. வயதை மறைக்கப் போடுவதற்கும், மூடிக்கொள்ளும் கண்ணைத் திறக்கப் போடுவதற்கும் ஒரே சட்டம் இல்லை.

*நோன்பு முறியுமா?* முறியாது. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தசையிலும் தோலுக்கடியிலும் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. சத்துக்காக ஏற்றப்படும் ஊசிகளுக்கே விலக்கு. மனம் சமாதானப்படாதவர் இஃப்தாருக்குப் பிறகோ ரமளானுக்கு முன்போ போட்டுக்கொள்ளலாம்.

*உளூ?* ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியாது. ஹனஃபீ மத்ஹபில் ரத்தம் வழிந்தோடினால் முறியும். ரத்தம் பட்ட இடத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட சில மணி நேரத்துக்கு முகத்தைத் தேய்க்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதால், முகம் கழுவும்போது அழுத்தாமல் மெதுவாகத் தண்ணீரை ஓட விட்டாலே போதும்.

*பெண்கள்?* பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே போவது சிறந்தது. கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவரிடம், மஹ்ரமான ஒருவர் உடனிருக்க, தேவையான அளவு மட்டும் முகத்தைக் காட்டிச் சிகிச்சை பெறலாம். இதற்கென்று சிகிச்சையையே கைவிட வேண்டியதில்லை.

மலையிலும் அடிவாரத்திலும் இருப்பவர்களுக்கு

மலையில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் காட்டிப் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஆகியவையும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. நரம்பியல் மருத்துவரையோ கண் மருத்துவரையோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இந்த ஊசி அங்கே போடப்படுகிறதா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவை இருக்கின்றன.

போவதற்கு முன், துடிப்பு வரும் நேரத்தில் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன் உட்காரும்போது துடிப்பு வராமல் போகலாம். வீடியோ இருந்தால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. எந்தத் தேதியில் ஊசி போட்டது, எத்தனை யூனிட், எத்தனை நாள் பலன் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளவைச் சரிசெய்ய அதுதான் உதவும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை மலையிலிருந்து இறங்கவேண்டி வரும் என்பதால் அறுவடைக் காலத்தையும் ரமளானையும் பார்த்து முன்கூட்டியே தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. துடிப்பே இல்லாமல் முகம் திடீரென ஒரு பக்கம் தொங்கி, கை கால் பலம் குறைந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கையிலோ காலிலோ சதை துடித்து, அந்த உறுப்பு மெலிந்து பலம் இழந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது வேறு நோய், இந்த ஊசி அதற்கானது அல்ல.

குடும்பமும் ஜமாஅத்தும்

இந்த ஊசிக்கான செலவு ஒரு தடவைக்கே சில ஆயிரம் ரூபாய்களில் தொடங்குகிறது. அதுவும் வருடத்துக்கு மூன்று முறை. கூலி வேலை செய்யும் ஒருவரால் இதைத் தாங்க முடியாது. இதய ஆபரேஷன் என்றால் ஜமாஅத்தில் உடனே வசூல் நடக்கிறது. இந்த ஊசி என்றால் "அழகுக்குப் போடுவதற்கெல்லாம் பைத்துல்மாலில் கொடுக்க முடியுமா?" என்ற கேள்வி எழுகிறது. பொறுப்பாளர்கள் மருத்துவரின் சீட்டைப் பார்க்கட்டும். நோயாளி ஏழையாக இருந்தால் ஜகாத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு ஓட்டுநரின் கண் திறந்திருப்பது அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கான வழி.

குடும்பத்தார் செய்ய வேண்டியது இதைவிட எளிது. "முகத்தை அப்படி வைக்காதே" என்று அதட்டாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரித்தால் திருத்துங்கள். கடையில் ஒருவரின் கண் தானாக மூடித் திறப்பதைப் பார்த்தால் நல்லெண்ணம் வையுங்கள். தவறாக எண்ணுவதிலிருந்து விலகும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது.

ஊசி காரணம் மட்டுமே. சுகம் தருபவன் அல்லாஹ். காரணத்தைத் தேடிப் போவதும், போகும் வழியில் அவனிடம் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. நோயால் முகத்தை மறைத்து வாழும் நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண சுகத்தையும், மக்கள் முன் நிமிர்ந்து நிற்கும் மன தைரியத்தையும் வல்லோன் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.